ஒப்பனைச் சிமிழும் அதன் வேதியியலும்

முகப்பவுடர், முகக்களிம்பு, தலைமுடித் தைலம், கண்மை, கழற்றி வைத்த மோதிரம் என ஒப்பனையோடு தொடர்புடையவற்றை வைத்துக்கொள்ள, அலங்கார மேசைக்கென்றே செய்யப்பட்ட மூடியுள்ள சிறு கலமே ஒப்பனைச் சிமிழ். இந்தக் கலத்தின் வயது மிக அதிகம். எகிப்தியர் கண்மையைக் கல் சிமிழ்களில் வைத்தனர். உரோமானியர் களிம்பை வெள்ளீயச் சிமிழ்களில் அடைத்தனர். ஆனால் இன்று பழம்பொருள் கடைகளிலும் ஏலங்களிலும் சேகரிப்பாளர் கைக்கு வருபவை பெரும்பாலும் 1840க்கும் 1940க்கும் இடைப்பட்ட நூறாண்டில் இங்கிலாந்து, பிரான்ஸ், பொஹீமியா, அமெரிக்கா, ஜப்பான் ஆகிய இடங்களில் செய்யப்பட்டவை. மின்முலாம், அச்சு வார்ப்பு, செயற்கைப் பிளாஸ்டிக் எல்லாம் வந்து, ஒரு காலத்தில் சீமாட்டிகளின் மேசையில் மட்டும் இருந்த பொருள் நடுத்தர வீடுகளுக்கும் வந்து சேர்ந்த காலம் அது.

1900ஐ ஒட்டி இங்கிலாந்தில் செய்யப்பட்ட ஒரு பவுடர் சிமிழைக் கையில் எடுத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். உள்ளங்கையில் அடங்கும் கண்ணாடி உடல். அடிப்பக்கத்தில் நட்சத்திரம் போல் வெட்டிய கோடுகள். பக்கங்களில் வைரப் பட்டைகள். மேலே வெள்ளி மூடி. அதில் குழந்தைத் தேவதைகளின் முகங்கள் புடைப்பாக எழும்பி நிற்கின்றன. ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் 1787இல் தீட்டிய தேவதை முகங்களிலிருந்து எடுத்த வடிவம் அது. மூடியைத் திறந்தால் கண்ணாடியின் வாயைச் சுற்றி ஒரு வெள்ளி வளையம். வளையத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே, உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும் அளவுக்கு, வெண்மையாக ஒரு கோடு. அதுதான் இரண்டையும் பிடித்து நிறுத்தியிருக்கும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். அடியில், வெட்டுக் கோடுகள் கூடும் மூலையில், நூறாண்டுக்கு முந்தைய பவுடரின் மிச்சம்.

கண்ணாடி, வெள்ளி, பிளாஸ்டர், பவுடர் என ஒரே கலத்தில் நான்கு பொருள்கள். நான்கின் குணமும் வெவ்வேறு. தண்ணீர் கண்ணாடியைத் துலக்கும். அதே தண்ணீர் பிளாஸ்டரை இளக்கும். மெருகுப்பசை வெள்ளியைப் பளபளக்க வைக்கும். அதே பசை கண்ணாடியின் வெட்டுக்குள் புகுந்து வெள்ளையாக இறுகிவிடும். பழைய சிமிழ்கள் கீழே விழுந்து உடைவதால் மட்டும் கெடுவதில்லை. அக்கறையோடு கழுவியவர்களும் தேய்த்தவர்களும் கெடுத்தவை ஏராளம். எந்தப் பொருளால் ஆனது என்று அறிந்த பிறகே துணியை ஈரமாக்க வேண்டும்.

சிமிழ்களின் வகைகள்

பவுடர் சிமிழ் அகலமும் குட்டையுமாக, பவுடர் ஒற்றும் பஞ்சுப் பஃப் உள்ளே கிடக்கும்படி இருக்கும். களிம்புச் சிமிழ் தடித்த சுவரும் இறுக்கமான மூடியும் கொண்டது. தலைமுடிக் களிம்புச் சிமிழ்கள் பீங்கானிலும் மண்பாண்டத்திலும் வந்தன. கரடிக் கொழுப்பு தலைமுடியை வளர்க்கும் என்று அன்று இங்கிலாந்தில் நம்பினார்கள். அதை அடைத்து விற்ற சிமிழ்களின் மூடிகளில் கரடிகளின் படங்களே அச்சாகியிருந்தன.

இவற்றுள் தனித்து நிற்பது, மூடியின் நடுவில் விரல் நுழையும் அளவுக்குத் துளை உள்ள சிமிழ். தலை வாரும்போது சீப்பிலும் பிரஷ்ஷிலும் சிக்கும் முடியைச் சுருட்டி அந்தத் துளை வழியாக உள்ளே தள்ளுவார்கள். சேர்ந்த முடியைப் பந்தாக்கி, கொண்டை உயர்ந்து நிற்பதற்காக உள்ளே வைத்துக் கட்டுவது விக்டோரியா காலத்து வழக்கம். சிக்கு முடியைச் சேர்த்து வைத்துச் சவுரி கட்டிய தமிழ் வீடுகளுக்கு இந்தப் பழக்கம் புதிதாகத் தோன்றாது. வாங்குபவர்களில் சிலர் துளையுள்ள மூடியைப் பார்த்து, குமிழ் கழன்று விழுந்த பவுடர் சிமிழ் என்று எண்ணிக் கடந்துவிடுகிறார்கள். துளையின் விளிம்பு வழவழப்பாக, மெருகு பூசப்பட்டிருந்தால் அது உடைசல் இல்லை, முடிச் சிமிழ்.

கண்ணாடியின் நோய்

கண்ணாடிக்கு அடிப்படை மணலில் உள்ள சிலிகா. அதை மட்டும் உருக்குவதற்கு ஏறத்தாழ 1700 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். சோடா அல்லது பொட்டாஷ் சேர்த்தால் உருகுநிலை வெகுவாக இறங்கும். ஆனால் அப்படிக் கிடைக்கும் கண்ணாடி தண்ணீரில் கரையும். அதைக் கரையாமல் நிலைக்க வைப்பது சுண்ணாம்பு. இந்த மூன்றின் விகிதம் சரியாக அமைந்தால் கண்ணாடி ஆயிரம் ஆண்டு தாங்கும். சோடா மிகுந்து சுண்ணாம்பு குறைந்தால், பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாமல் சூளையிலிருந்து வெளிவந்த கலம் சில பத்தாண்டுகளில் நோய்வாய்ப்படும்.

இதைக் கண்ணாடி நோய் என்றே அழைக்கிறார்கள். காற்றில் உள்ள ஈரம் கண்ணாடியின் மேற்பரப்பில் படிகிறது. நீரிலுள்ள ஹைட்ரஜன் அயனிகள் உள்ளே நுழைய, சோடியமும் பொட்டாசியமும் வெளியேறுகின்றன. வெளியேறிய உப்பு காற்றின் ஈரத்தை மேலும் உறிஞ்சும். கலம் வழவழப்பாகி, தொட்டால் சோப்பு பூசியதுபோல் வழுக்கும். சில நேரம் துளித்துளியாக வியர்க்கும். காரம் மேற்பரப்பில் தேங்கத் தேங்கச் சிலிகாவின் பிணைப்பே அறுபடத் தொடங்கும். இந்த நிலையில் திடீரென்று காற்று வறண்டால், நீர் ஏறி ஊதிய மேலடுக்கு சுருங்கி, நுண்ணிய வெடிப்புகள் வலைபோல் பரவும். அந்த வெடிப்பை எந்த மருந்தாலும் மீட்க முடியாது. ஈரம் கூடினாலும் கேடு, சட்டென்று குறைந்தாலும் கேடு என்பதால்தான் அருங்காட்சியகங்கள் நோயுற்ற கண்ணாடியை 40 முதல் 45 விழுக்காடு ஈரப்பதத்தில், ஏற்ற இறக்கமின்றி வைக்க முயல்கின்றன.

ஐரோப்பாவின் புகழ்பெற்ற காரீயக் கண்ணாடி பிறந்ததே இந்த நோயோடு நடந்த போராட்டத்தில்தான். லண்டனில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் 1674இல் புதிய வகைப் பளிங்குக் கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய தொடக்ககாலக் கலங்கள் வெடிப்பு வலை விழுந்து மங்கின. கலவையில் காரீய ஆக்சைடைச் சேர்த்த பிறகே அந்தக் குறை அடங்கியது. காரீயம் நோயைத் தணித்ததோடு வேறு வரங்களையும் தந்தது. சாதாரணக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.52 என்றால், காரீயக் கண்ணாடியில் அது 1.55ஐத் தாண்டும். நிறப்பிரிகையும் கூடுவதால் வெட்டுப் பட்டைகளில் வானவில் நிறங்கள் தெறிக்கும். மென்மையானதால் சாணைச் சக்கரத்தில் வெட்டுவதும் எளிது. வெட்டு வேலைப்பாட்டுச் சிமிழ்கள் அநேகமாகக் காரீயக் கண்ணாடியாக இருப்பதற்கு இதுவே காரணம்.

கையில் எடுத்ததும் எதிர்பார்த்ததைவிடக் கனமாகத் தோன்றினால் அது காரீயக் கண்ணாடியாக இருக்கலாம். விளிம்பை நகத்தால் மெல்லச் சுண்டினால் ஓசை மணிபோல் நீளும். ஆனால் தடித்த குட்டைச் சிமிழில் இந்தச் சோதனை ஏமாற்றும். வெட்டுகளைத் தொட்டுப் பார்ப்பது இன்னும் நம்பகமானது. சக்கரத்தில் வெட்டிய பட்டையின் முனை கூராக இருக்கும்; 1820களுக்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து பரவிய அச்சு அழுத்தக் கண்ணாடியில் முனைகள் மழுங்கியிருக்கும், அச்சுப் பாதிகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய தையல் கோடும் ஓடும்.

நிறங்களின் வேதியியல்

சேகரிப்பாளரை முதலில் இழுப்பது நிறமே. மங்கலான மஞ்சள் அல்லது பச்சை நிறச் சிமிழ்களை இருட்டறையில் வைத்து, 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கைக் காட்டினால் சில சிமிழ்கள் பச்சைத் தணலாக ஒளிரும். அவை யுரேனியக் கண்ணாடி. பொஹீமியாவில் ஜோசஃப் ரீடெல் 1830களில் இதைப் பெரிய அளவில் செய்து, தம் மனைவி அன்னாவின் பெயரையே மஞ்சளுக்கும் பச்சைக்கும் சூட்டினார். கதிரியக்கம் பற்றி அன்று யாருக்கும் தெரியாது. யுரேனியம் அவர்களுக்கு ஒரு சாயம் மட்டுமே. பெரும்பாலான கலங்களில் யுரேனியத்தின் பங்கு 2 விழுக்காட்டுக்குள் அடங்கும். அலமாரியில் வைத்துப் பார்ப்பதால் அச்சப்பட ஒன்றுமில்லை. உடைந்த துண்டை அரைப்பதும் துளைப்பதும் அப்படியில்லை. அந்தத் தூசி நுரையீரலுக்குள் போகக்கூடாது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா யுரேனியத்தைத் தன் வசமாக்கிக்கொண்டதால் அங்கு இந்தக் கண்ணாடி நின்றுபோய், 1958க்குப் பிறகே மீண்டும் தலைகாட்டியது. மாங்கனீஸ் கலந்த கண்ணாடியும் மங்கலாகப் பச்சையாய் ஒளிரும். ஒளிர்வின் வலிமையைப் பார்த்துத்தான் இரண்டையும் பிரிக்க வேண்டும்.

மாங்கனீஸ் கண்ணாடிக்குள் வந்தது நிறத்தை நீக்குவதற்காக. மணலில் உள்ள இரும்பு கண்ணாடிக்கு ஒரு பச்சைச் சாயல் தரும். மாங்கனீஸ் அதை ஈடுசெய்யும். ஆனால் பல ஆண்டு வெயில் பட்டால் அந்த மாங்கனீஸ் ஓர் எலக்ட்ரானை இழந்து, நிறமற்ற கண்ணாடியை ஊதாவாக மாற்றும். ஜன்னல் கண்ணாடிகளில் இந்த மாற்றத்தை 1820களிலேயே மைக்கேல் ஃபாரடே ஆராய்ந்தார். முதல் உலகப் போரை ஒட்டி மாங்கனீஸின் இடத்தைச் செலினியம் பிடித்துக்கொண்டதால், இயற்கையாக வெயிலில் ஊதாவான சிமிழ் பெரும்பாலும் அதற்கு முந்தையது. இந்த வேதியியல் தெரிந்த சில வியாபாரிகள் சாதாரணச் சிமிழ்களைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி அடர் ஊதாவாக்கி விற்கிறார்கள். வெயில் தரும் ஊதா இளநிறமானது, சில நேரம் ஒரு பக்கம் மட்டும் கூடுதலாகத் தெரிவது. கத்தரிப்பூப்போல் அடர்த்தியாக, எங்கும் ஒரே சீராக இருந்தால் ஐயப்படலாம்.

செம்மாணிக்க நிறத்துக்குத் தங்கம் காரணம். உருகிய கண்ணாடியில் மிகச் சிறிதளவு தங்கக் கரைசலைச் சேர்த்துக் குளிரவிட்டால் நிறமே தெரியாது. மீண்டும் சூடாக்கும்போது தங்க அணுக்கள் திரண்டு நானோமீட்டர் அளவுள்ள துகள்களாகி, பச்சை ஒளியை விழுங்கிச் சிவப்பை விட்டுவைக்கும். அதே ஃபாரடே 1857இல் தங்கத் துகள்களும் ஒளியும் பற்றி ஆற்றிய உரை, இன்றைய நானோ அறிவியலின் தொடக்கங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது.

பால் கண்ணாடிச் சிமிழ் வேறு ரகம். எலும்புச் சாம்பல், வெள்ளீய ஆக்சைடு, ஃபுளோரைடு ஆகியவற்றில் ஒன்றைச் சேர்த்தால் கண்ணாடிக்குள் நுண்துகள்கள் உருவாகி ஒளியைச் சிதறடிக்கும். துகள் மிக நுண்ணியதாக இருந்தால் நீல ஒளி கூடுதலாகச் சிதறும். அப்படிப்பட்ட பிரெஞ்சுச் சிமிழ் ஒன்றை மேசையில் வைத்துப் பார்த்தால் இளநீலம். விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் தணல் போன்ற செம்மஞ்சள். பகல் வானத்துக்கு நீலத்தையும் அந்தி வானத்துக்குச் சிவப்பையும் தரும் அதே விதி, ஒரு பவுடர் சிமிழின் சுவருக்குள் வேலை செய்கிறது. இதைவிட அழகான இயற்பியல் பாடம் ஒரு வகுப்பறையில் கிடைப்பது அரிது.

வெள்ளி மூடி

இங்கிலாந்தின் வெள்ளி மூடியில் ஹால்மார்க் முத்திரைகள் வரிசையாகக் குத்தப்பட்டிருக்கும். நடந்துபோகும் சிங்கம் 92.5 விழுக்காடு தூய வெள்ளியைக் குறிக்கும். முத்திரையிட்ட ஊருக்கும் ஒரு குறி உண்டு: நங்கூரம் பர்மிங்காம், சிறுத்தைத் தலை லண்டன், 1974 வரை கிரீடம் ஷெஃபீல்டு. ஆண்டைக் குறிக்க ஓர் எழுத்து. அதன் வடிவமும் சுற்றியுள்ள கேடயமும் சுற்றுக்குச் சுற்று மாறும். 1784 முதல் 1890 வரை வரி செலுத்தியதற்கு அடையாளமாக அரசரின் அல்லது அரசியின் தலையும் சேரும். ஆகவே விக்டோரியாவின் தலை பதிந்த மூடி 1890க்குப் பிந்தையது அன்று. கழுத்து வளையத்திலும் முத்திரை இருந்தால் அதன் ஆண்டெழுத்தை மூடியின் எழுத்தோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் வேறு என்றால், அனாதையான ஒரு மூடியை அனாதையான ஓர் உடலுக்கு யாரோ பின்னாளில் பொருத்தியிருக்கிறார்கள்.

ஈ.பி.என்.எஸ். என்ற எழுத்துகள் இருந்தால் அது மின்முலாம் பூசிய நிக்கல் கலவை. பர்மிங்காமின் எல்கிங்டன் 1840இல் காப்புரிமை பெற்ற முறை இது. நிக்கல் கலவையில் வெள்ளி ஒரு துளியும் இல்லை. மேலே பூசியிருப்பது மட்டுமே வெள்ளி. அதைத் தேய்க்கத் தேய்க்க அடியிலுள்ள மஞ்சள் சாயல் உலோகம் எட்டிப்பார்க்கும்.

வெள்ளி கறுப்பது துரு அன்று. காற்றிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடு போன்ற கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு ஆகின்றன. படலம் மெல்லியதாக இருக்கும்போது மஞ்சளாக, பின்பு பழுப்பாக, நீல ஊதாவாக, கடைசியில் கறுப்பாகத் தெரியும். முட்டை, கம்பளி, ரப்பர் எல்லாமே கந்தகத்தைக் கசியவிடுபவை. மூடி கழன்றுவிடக்கூடாதே என்று ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவைத்த சிமிழில், சில மாதங்களில் அந்தப் பேண்ட் கிடந்த இடம் கரிய கோடாகவே பதிந்திருக்கும்.

ஒவ்வொரு முறை மெருகேற்றும்போதும் சல்பைடாக மாறிய வெள்ளி போய்விடுகிறது. மெருகுப்பொடி கரடாக இருந்தால் நல்ல வெள்ளியும் சேர்ந்து போகும். தாள்போல் மெல்லிய தகட்டில் புடைத்தெடுத்த தேவதை முகங்களில் முதலில் தேய்வது மூக்கும் நெற்றியும்தான். மூக்கு நுனியில் ஊசித்துளை விழுந்த மூடிகளைக் கடைகளில் சாதாரணமாகப் பார்க்கலாம். குத்துவிளக்கையும் வெள்ளிச் சொம்பையும் விபூதியால் தேய்த்துப் பழகிய கைகள் இங்கே நிற்க வேண்டும். தடித்த பாத்திரம் தாங்கும். இந்தத் தகடு தாங்காது. பள்ளங்களில் தங்கிய கறுப்பை அப்படியே விடுவது குற்றமில்லை. அந்தக் கறுப்புதான் முகங்களுக்கு நிழல் தந்து உருவத்தை எடுத்துக்காட்டுகிறது. அலுமினியத் தாளும் சலவைச் சோடாவும் சேர்த்த வெந்நீரில் முக்கும் வீட்டு முறை சல்பைடை மீண்டும் வெள்ளியாக்கும் என்பது உண்மை. ஆனால் அது நிழலையும் சேர்த்து அழித்துவிடும். கண்ணாடியோடு ஒட்டிய மூடியில் பிளாஸ்டருக்குள்ளும் தண்ணீர் இறங்கும்.

பீங்கானும் செல்லுலாய்டும்

பீங்கான் சிமிழின் வயதை அதன் அடிப்பக்கமே சொல்லும். அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருளில் அது பிறந்த நாட்டின் பெயரைப் பொறிக்கச் சொன்னது. ஜப்பானியர் நிப்பான் என்று பொறித்தனர். அது ஆங்கிலச் சொல் இல்லை என்று 1921இல் அமெரிக்கா மறுத்ததால் ஜப்பான் என்று மாறியது. எனவே நிப்பான் முத்திரையுள்ள சிமிழ் சுமார் முப்பது ஆண்டு இடைவெளிக்குள் அடங்கும். போலி முத்திரைகளும் உலவுவதால் ஓவியத்தின் தரத்தையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. ஆங்கிலேயக் கலங்களில் வைர வடிவப் பதிவுக்குறி இருந்தால் 1842 முதல் 1883 வரை. பதிவு எண் இருந்தால் 1884 அல்லது அதற்குப் பிந்தையது.

செல்லுலாய்டு தனியாகக் கவனிக்க வேண்டிய பொருள். யானைத் தந்தத்துக்கு மாற்றுத் தேடி அமெரிக்காவில் ஹயாட் சகோதரர்கள் 1870இல் காப்புரிமை பெற்ற இந்தப் பிளாஸ்டிக், செல்லுலோஸ் நைட்ரேட்டும் கற்பூரமும் கலந்தது. தந்தத்தின் வரிகளையே அச்சடித்து, பிரெஞ்சு ஐவரி என்ற பெயரில் பவுடர் சிமிழ்களும் முடிச் சிமிழ்களும் ஆயிரக்கணக்கில் வந்தன. கட்டைவிரலால் வேகமாகத் தேய்த்து முகர்ந்தால் சூடத்தின் வாசம் வரும். பூஜையறை வாசம் தெரிந்த எவருக்கும் அது தப்பாது. காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கும் சோதனையைச் சிலர் சொல்வதுண்டு. அதைச் செய்யவே கூடாது. செல்லுலாய்டு வெடிமருந்துப் பஞ்சுக்கு நெருங்கிய உறவு. பற்றினால் அணைப்பது கடினம்.

அது தானாகவும் சிதையும். கற்பூரம் மெல்ல ஆவியாகப் போக, நைட்ரஜன் ஆக்சைடுகள் வெளிவந்து காற்றின் ஈரத்தோடு நைட்ரிக் அமிலமாகின்றன. அந்த அமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்தும். மஞ்சளாவது, உள்ளே கட்டம் கட்டமாக வெடிப்பது, பிசுபிசுப்பது, மூக்கைச் சுளிக்க வைக்கும் நெடி, பித்தளைக் கீலில் பச்சைக் களிம்பு ஆகியவை அடையாளங்கள். நோயுற்ற ஒரு செல்லுலாய்டு சிமிழ், பக்கத்து அலமாரித் தட்டில் உள்ள வெள்ளி மூடியையும் அரிக்கும். காற்றோட்டமான, குளிர்ந்த, வெயில் படாத இடத்தில், மற்றவற்றிலிருந்து தள்ளித் தனியாக வைக்க வேண்டும். காற்றுப்புகாத டப்பாவில் அடைப்பது பாதுகாப்பு என்று தோன்றும். அமில வாயுவை உள்ளேயே பூட்டிவைப்பதால் அது நேர்மாறாக முடியும்.

உள்ளே இருப்பது

2003இல் லண்டனின் சதக் பகுதியில் உரோமானியர் காலக் கோயில் வளாகம் ஒன்றை அகழ்ந்தபோது, மூடியோடு கூடிய வெள்ளீயச் சிமிழ் ஒன்று கிடைத்தது. வயது ஏறத்தாழ 1850 ஆண்டு. திறந்தபோது வெண்களிம்பு இருந்தது. அதில் கடைசியாக எடுத்தவரின் விரல் தடங்களும் இருந்தன. பிரிஸ்டல் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் ஆராய்ந்து, விலங்குக் கொழுப்பு, மாவுப்பொருள், வெள்ளீய ஆக்சைடு ஆகியவற்றால் ஆன கலவை என்று கண்டனர். முகத்தை வெளுப்பாகக் காட்டும் நிறமியாக, நஞ்சான காரீய வெள்ளையை விட்டு, வெள்ளீயத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். யாராவது அந்தச் சிமிழைக் கழுவி வைத்திருந்தால் இதில் எதுவும் தெரிந்திருக்காது.

மிச்சக் களிம்போடு வரும் சிமிழைக் கழுவும் முன் இதை நினைக்க வேண்டும். அதே நேரம், உள்ளே இருப்பதைத் தொடுவதும் முகர்வதும் முகத்தில் பூசிப் பார்ப்பதும் கூடாது. பழைய ஒப்பனைப் பொருள்களில் காரீயமும் பாதரசச் சேர்மங்களும் சாதாரணம். 1930களில் பாரிஸில் விற்ற தோ-ரேடியா களிம்பில் தோரியமும் ரேடியமும் விளம்பரத்தோடு சேர்க்கப்பட்டன. ரேடியத்தின் அரை ஆயுள் 1600 ஆண்டு. களிம்பு காய்ந்து போனாலும் அது அப்படியே இருக்கும். காரீயக் கண்ணாடிச் சிமிழில் இன்றைய களிம்பை நிரப்பிப் பயன்படுத்துவதும் வேண்டாம், காரீயம் மெல்லக் கசியக்கூடும்.

வாங்கும் முன்

விளிம்பை விரல் நுனியால் ஒரு சுற்றுத் தடவினால் கண்ணுக்குத் தப்பும் சில்லுகள் பிடிபடும். சில்லை அரைத்துச் சரிசெய்திருந்தால் அந்த இடத்தில் விளிம்பு சற்றுத் தாழ்ந்து, மூடி ஒரு பக்கம் ஆடும். புற ஊதா விளக்கு இங்கும் உதவும்: ஒட்டிய பசையும் பின்னாளில் பூசிய வண்ணமும் அசலிலிருந்து வேறுபட்டு ஒளிரும். பழைய சிமிழின் அடியில், மேசையில் பட்ட வளையத்தில் மட்டும், எல்லாத் திசையிலும் நுண்கீறல்கள் இருக்கும். ஒரே திசையில் ஓடும் கீறல்கள் உப்புத்தாள் போட்டவை. கண்ணாடி மூடிக்கும் உடலுக்கும் ஒரே எண் கீறியிருந்தால் இரண்டும் சேர்த்தே சாணை பிடித்த ஜோடி. பிரெஞ்சுக் கண்ணாடிக் கலைஞர் ரெனே லாலிக்கின் பவுடர் சிமிழில் ஆர். லாலிக் என்ற கையெழுத்து 1945இல் அவர் இறப்பதற்கு முந்தைய காலத்தைச் சுட்டும்.

மங்கிய கண்ணாடியை எண்ணெய் தடவிப் பளபளக்க வைத்து விற்பது பழைய தந்திரம். உள்ளே விரல் விட்டுப் பார்த்தால் பிசுக்குத் தெரியும். மங்கல் உப்புப் படிவானால் போகும். காரம் அரித்ததானால் போகாது. எனவே மங்கிய சிமிழை, மங்கலாகவே இருக்கும் என்று கணக்கிட்டு விலை பேசுவதே சரி.

தந்தம், ஆமை ஓடு ஆகியவற்றால் ஆன மூடிகளின் வணிகம் இந்தியாவில் வனவிலங்குச் சட்டத்தால் தடுக்கப்பட்டது. நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதையும் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் அனுமதிப்பதில்லை.

கழுவுதலும் வைத்தலும்

வெள்ளி வளையமோ பொன் வரைவோ இல்லாத, நல்ல நிலையிலுள்ள கண்ணாடிச் சிமிழை மட்டுமே தண்ணீரில் இறக்கலாம். பிளாஸ்டிக் பாத்திரத்தின் அடியில் துண்டு விரித்து, வெதுவெதுப்பான நீரில் காரமில்லாத திரவச் சோப்பு இரண்டு சொட்டு. வெந்நீர் வேண்டாம்: தடித்த அடியும் மெல்லிய விளிம்பும் வெவ்வேறு வேகத்தில் விரிவதால் விரிசல் விடும். வெட்டுக் கோடுகளைக் காது துடைக்கும் பஞ்சுக்குச்சியால் துடைத்து, காய்ச்சி வடித்த நீரில் அலசி, நூல் உதிராத துணியில் ஒற்ற வேண்டும். குழாய் நீரில் அலசி உலரவிட்டால் அதன் உப்பே அடுத்த மங்கலாகும். படிந்த உப்புக்கு நீர்த்த வினிகர் போதும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் காரமும் சூடும் காரீயக் கண்ணாடியை மங்கச் செய்யும்.

வெள்ளி வளையமுள்ள சிமிழை ஈரப் பஞ்சுக்குச்சியால் துடைத்தால் போதும். வெள்ளியைத் துலக்க, வேதியியல் முறையில் படிய வைத்த மென் சுண்ணாம்புத் தூளைக் காய்ச்சி வடித்த நீரில் குழைத்துப் பஞ்சால் மெல்லத் தொட்டு எடுக்கலாம், அதுவும் ஆண்டுக்கொரு முறைக்கு மேல் தேவையில்லை. பொன் வரைவு மிக மெல்லிய படலம். ஈரத்துணிகூட அதை எடுத்துவிடும், உலர்ந்த தூரிகை மட்டும் போதும். கறை ஊறிய மண்பாண்ட மூடிகளுக்குக் குளோரின் பிளீச் கூடாது. அது உள்ளே ஊறி உப்பாகப் படிகமாகும்போது மெருகுப்பூச்சையே உரித்துத் தள்ளும். கண்ணாடி மூடி இறுகிப்போனால் முறுக்காமல், விளிம்பில் ஆல்கஹாலும் கிளிசரினும் கலந்த ஒரு சொட்டை விட்டு ஓரிரு நாள் பொறுத்திருந்து, மரக்கரண்டியால் இருபுறமும் மெல்லத் தட்ட வேண்டும்.

சென்னை போன்ற கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தொடும். கண்ணாடிக்கும் வெள்ளிக்கும் அது ஒத்துவராது. கதவுள்ள அலமாரியில் சிலிகா ஜெல் பைகளும் ஒரு சிறிய ஈரப்பதமானியும் வைத்து, பைகளை அவ்வப்போது சூடாக்கி உலர்த்திக்கொண்டால் ஏற்ற இறக்கம் அடங்கும். ஓக் மரம் அசெட்டிக் அமில ஆவியை விடும் என்பதால் ஓக் பலகை அலமாரி ஏற்றதன்று. நேர் வெயில் படும் ஜன்னலோரம் இரண்டு வகையில் ஆபத்து: மாங்கனீஸ் கண்ணாடி ஊதாவாகும், தடித்த அடி லென்சுபோல் வெயிலைக் குவித்து மரத்தையோ துணியையோ கருக்கவும் செய்யும்.

ஒவ்வொரு சிமிழுக்கும் ஓர் அட்டை வேண்டும். வாங்கிய நாள், முத்திரைகள், உடலின் அளவும் எடையும், உள்ளே இருந்த மிச்சம், செய்த சுத்தம், இரு பக்கத்திலிருந்தும் எடுத்த படம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். இடம் மாற்றும்போது மூடியைக் கழற்றித் தனித்தாளில் சுற்றி, அச்சடித்த செய்தித்தாளை விட்டு அமிலமற்ற மெல்லிய தாளையே பயன்படுத்த வேண்டும். தூக்கும் கை எப்போதும் அடியைத் தாங்க வேண்டும். மூடியையோ வெள்ளி வளையத்தையோ பிடித்துத் தூக்கினால், நூறாண்டுப் பிளாஸ்டர் விட்டுப்போய், வளையம் கையிலும் கண்ணாடி தரையிலுமாகப் பிரியும்.